நடக்கிற சுவருக்கு இந்தப் பக்கம்

இடது கையில் பனியனை விரித்துப் பிடித்து, வலது கையில் சின்னக் கத்திரியை மாட்டிக்கொண்டு, கழுத்துப்பட்டி, கைமடிப்பு, அடிமடிப்பு என்று தையல் முடிந்த இடங்களிலெல்லாம் வால் மாதிரித் தொங்கிய நூல் பிசிறை வெட்டி வெட்டி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள் கோகிலா. அவள் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தது சாய்மானத்துக்காக இல்லை. யாராவது தொட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சுவர் நடக்காது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தாலும் நடக்காது. கையும் கண்ணும் விலகிய நேரம் பார்த்து ஒரு விரல்கடை, சில நாள் ஒரு சாண், வடக்கேயிருந்து தெற்கே, அதாவது குடித்தனக்காரர் பக்கமிருந்து இவர்கள் பக்கமாக வந்துவிடும். இன்றைக்கு அதற்கும் தொட்டிலுக்கும் நடுவே இருந்தது ஒரு முழம்தான்.

தொட்டில் என்றால் உத்தரத்துக் கொக்கியில் கட்டிய பழைய சேலை. அதற்குள் எட்டு மாதத்துப் பெண் தன்ஷிகா வாயில் விரலைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். அந்த வீட்டில் கொக்கி அது ஒன்றுதான். சுவரின் உச்சியில் ஒரு ஆணி அடித்து, அந்த ஆணிக்கும் கொக்கிக்கும் கோகிலா ஒரு தையல் நூலை விறைப்பாகக் கட்டியிருந்தாள். கட்டின நாளில் தட்டினால் ஒலிக்கிற மாதிரி இருந்த நூல், நாளுக்கு நாள் தளர்ந்து, தொய்ந்து, இப்போது தொட்டில் சேலையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அவள் ஒரு பனியனுக்கு ஒரு தரம் நிமிர்ந்து அந்த நூலைப் பார்த்தாள்.

வீடு வாங்குகிற யோசனை அவள் புருசன் பூபதியுடையது. பூபதி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், வயசு இருபத்தேழு. பத்து வீட்டுக்கு ஒரே கக்கூஸ் இருந்த லைன் வீட்டில் அவர்கள் குடியிருந்த காலத்தில், கோட்டுப் போட்ட ஒருத்தர் செல்போனில் பேசுகிற வீடியோவைச் சாப்பிடும்போதும் பார்த்து, பல் விளக்கும்போதும் பார்த்து, கடைசியில் தானும் ஒரு முதலீட்டாளன்தான் என்று முடிவு கட்டிவிட்டான். கட்டிங் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு நீளமான வீட்டை வரைந்து, அதன் நடுவில் ஒரு கோடு போட்டு, அவளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாரு கோகி, பாதி நமக்கு, பாதி குடித்தனத்துக்கு. அவங்க குடுக்கற வாடகையே பேங்க் தவணைக்குப் போயிரும். நாம சும்மா இருந்துக்கற மாதிரிதான். அஞ்சு வருசத்துல ரெண்டாவது வீடு."

"ரெண்டாவது வீட்டுலயும் நமக்குப் பாதிதானுங்களா மாமா?"

"கிண்டலா?"

"இல்லீங், தெரியாமக் கேட்டேன்."

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். எட்டாவதோடு நின்றவள், நாலு பேர் இருக்கிற இடத்தில் தரையைப் பார்த்தே பேசுகிறவள், அவன் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். கழுத்தில் கிடந்ததையும் கையில் கிடந்ததையும் கழற்றிக் கொடுத்தாள். ஒரு வீட்டுக்கு உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அந்தத் தாழ்ப்பாளை வேறு யாரும் தட்ட மாட்டார்கள் என்ற நிம்மதியோடு உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்டது. அதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அப்படித்தான் நொய்யல் ஆற்றுக்கு வடக்கே இந்தப் பழைய ஓட்டு வீடு வந்தது. நீளக் கூடத்தின் நடுவில் கொத்தனார் ரங்கசாமி ஒரே வாரத்தில் நாலரை இஞ்ச் சுவர் எழுப்பி, தெருவைப் பார்த்து வடக்கே ஒரு வாசலும் தெற்கே ஒரு வாசலும் வைத்துக் கொடுத்தார். பூபதி ஒரு தகரப் பலகையில் சாக்பீஸால் எழுதி மாட்டினான்: வீடு வாடகைக்கு, இரண்டு பேர் மட்டும், குழந்தை கூடாது.

"நமக்கே குழந்தை இருக்குதுங்களே மாமா."

"அது ஓனர் குழந்தை."

பலகையைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள்தான் சங்கரன்கோவில் பக்கத்து மாரிச்செல்வியும் அவள் புருசன் இசக்கியும். ரெண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை. எத்தனை பேர் என்று கேட்டதற்கு மாரிச்செல்வி முந்தானையைத் திருகிக்கொண்டே, "ரெண்டு பேருதான் அண்ணாச்சி" என்றாள்.

ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால், ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் ரெண்டு குடும்பமும் ஒரே நாளில் வந்து இறங்கின. சொந்தக்காரர்கள் வந்தார்கள், வீட்டுப் புரோக்கர் வந்தார், கொத்தனார் வந்தார். விடிந்து முகம் கழுவும்போதுதான் கோகிலாவுக்குத் தெரிந்தது, அவள் அன்றைக்கு வீட்டுக்குத் தூரம் என்று. அந்த நிலையில் பால் காய்ச்சக் கூடாது. அதை மாமியாரிடம் சொல்ல வேண்டும், மாமியார் பக்கத்தில் மாமனார், அவர் பக்கத்தில் புரோக்கர். கோகிலாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குடத்தோடு வந்து இறங்கின மாரிச்செல்வியைத் தண்ணித் தொட்டி ஓரமாக இழுத்து, காதோடு சொன்னாள்.

"எனக்கு இன்னிக்கு ஆகாது. நீயே பத்த வெச்சுப் பொங்க விட்ரு. யாருகிட்டயும் சொல்லிராத."

"நானாக்கா? உங்க வீட்டுக்கா?"

"கும்புடறேன், போ."

பிள்ளை அழுகிறாள் என்று சாக்குச் சொல்லிக் கோகிலா வெளியே நின்றாள். உள்ளே மாரிச்செல்வி அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் வடக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது, எல்லோரும் நல்லது என்றார்கள், குலவை போட்டார்கள், கோகிலாவுக்கும் ஒரு டம்ளர் பால் வந்தது. அதைக் குடிக்கும்போது அவளுக்கு ஏனோ யார் வீட்டிலோ விருந்துக்குப் போய்க் குடிப்பது போல இருந்தது.

ஆடி மூணாம் நாள் மாரிச்செல்வி கதவைத் தட்டினாள். கையில் கோகிலாவின் விளக்குமாறு.

"எக்கா, இது எங்க பக்கம் நிக்கி."

மறுநாள் சொம்பைக் கொண்டுவந்தாள். அதற்கடுத்த வாரம் முருகன் படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அந்தச் சுவர் எதையும் இடிக்காது, தள்ளாது, உடைக்காது. அதன் பாதையில் கிடப்பதைத் தாண்டிக்கொண்டு போகும், அவ்வளவுதான். தாண்டியது எல்லாம் அந்தப் பக்கமாகிவிடும். பாய் முழுசாக விரியவில்லை என்று அவள் சொன்னபோது, பாய்தான் ஈரத்தில் நீண்டுவிட்டது என்றான் பூபதி. பிறகு டேப் கொண்டுவந்து அளந்தான், மறுநாளும் அளந்தான், அப்புறம் டேப்பையே கம்பெனியில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

கொத்தனார் ரங்கசாமி வந்து குத்த வைத்து உட்கார்ந்து, ஒரு பக்கக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"விரிசல் உட்டிருக்குதா? இல்ல. சாஞ்சிருக்குதா? இல்ல. அப்பறம் என்னுங்? நடக்குது. நாங்கட்டுன சுவரு ஒண்ணுகூட இதுவரைக்கும் படுத்ததில்லீங்."

ஆனாலும் மனசு கேட்காமல் அதற்கு முன்னால் இடுப்பளவு இன்னொரு சுவர் கட்டிப் பார்த்தார். பத்தாம் நாள் அதுவும் அந்தப் பக்கம் போய்விட்டது, மாரிச்செல்வி அதன் மேல் குடங்களை அடுக்கிவிட்டாள். வரி போட வந்த ஆள் வெளிச்சுவர் நகர்ந்தால் சொல்லுங்கள், உள்சுவருக்குத் தன் படிவத்தில் இடமில்லை என்றார். அடுத்த வீட்டில் இட்லி மாவு விற்கிற ருக்மணியக்கா காலையில் வந்து தரையில் கோலப்பொடியால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள். பிள்ளைகள் அதை வைத்துக் கொய்யாக்காய்ப் பந்தயம் கட்டினார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பார்த்துக்கொண்டிருந்தால் நடக்காது என்று தெரிந்ததும், டீயைக் குடித்துவிட்டுச் சுவரை ஒரு தரம் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தெருவில் குடித்தனம் இருக்கிறவர்கள் தங்கள் தங்கள் சுவரையும் ஆசையாக ஒரு உதை உதைத்துப் பார்த்தார்கள். வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு முறைத்தார்கள். புரட்டாசி வருவதற்குள் அது பஸ் மாதிரி ஆகிவிட்டது. குழாயடியில் ஒருத்தி, "சுவரு எங்க வந்திருக்குது?" என்பாள், இன்னொருத்தி, "கண்ணாடிகிட்ட" என்பாள், அப்புறம் ரெண்டு பேரும் தக்காளி விலையைப் பேசுவார்கள்.

எல்லோருக்கும் பழகிப்போனது கோகிலாவுக்கு மட்டும் பழகவில்லை. காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தெருப்பூனை ஒன்று, சாம்பல் நிறம், அவள் கையால் பால் குடித்து அவள் காலடியிலேயே வளர்ந்தது. ஒரு மத்தியானம் அது சுவர் ஓரத்தில் தூங்கிற்று. கோகிலா துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் சுவர் அதைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் அது வடக்கு வாசல் வழியாக வெளியே வந்து சோம்பல் முறித்தது. இவள் தட்டில் பால் ஊற்றிக் கூப்பிட்டாள். பூனை இவளை ஒரு நிமிசம் பார்த்தது, முன்பின் தெரியாத பொம்பளையைப் பார்க்கிற மாதிரி. பிறகு போய் மாரிச்செல்வியின் காலில் உரசிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்த பூபதியின் செருப்பும்கூட, நாலு வருசம் போட்ட செருப்பு, அவன் காலைக் கடித்துப் புண்ணாக்கியது. அன்றைக்குத்தான் கோகிலா தொட்டில் கொக்கிக்கு நூல் கட்டினாள். அன்றிலிருந்துதான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்படிக்குப் போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த அடுப்படியோ சுவரைவிட அதிகமாக அவளைப் பயமுறுத்தியது, ஏனென்றால் பூபதி ஒருநாள் புதுச் சீட்டு ஒன்றை விரித்து, "நாம அடுப்படிக்கு மாறிக்கலாம் கோகி, மிச்சமிருக்கற கூடத்தை இன்னொரு குடித்தனத்துக்கு உட்ரலாம். முதல் வீடு எல்லாருக்கும் இப்படித்தான்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் மறுநாள் அவள் தண்ணி பிடித்துக்கொண்டு சீக்கிரமாகத் திரும்பி வந்தபோது, பூபதி செருப்பைக் கழற்றிவிட்டு, தோளைச் சுவரில் கொடுத்து, கழுத்து நரம்பு புடைக்கத் தள்ளிக்கொண்டு நின்றான். அவள் குடத்தோடு சத்தமில்லாமல் திரும்பிப் போய், மறுபடி சத்தமாக வந்தாள்.

போன வாரம் மாரிச்செல்வி கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"எக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவீங்க."

கோகிலா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவளே கேட்க நினைத்து வாய் வராமல் இருந்த கேள்வி, அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது.

"பால் பொங்கறப்ப நீ என்னமோ முணுமுணுத்த. ஜன்னல் வழியாப் பாத்தேன். என்ன சொன்ன?"

"எங்க ஊருல பேரு சொல்லுவோம்க்கா. இந்த வீட்டுல இன்னாரு இன்னாரு இருக்கப் போறோம், எடம் குடுன்னு. எம்பேரு சொன்னேன், அவுக பேரு சொன்னேன்." அவள் குரல் இறங்கியது. "எம்மவ பேரும் சொல்லிட்டேன். பேச்சி. நாலு வயசு. எங்கம்மாகிட்ட ஊருல கெடக்கா. இந்த ஊருல புள்ளையிருக்குன்னு சொன்னா ஒருத்தரும் வீடு தர மாட்டேங்காவ. அதான் ரெண்டு பேருன்னேன். போன்ல பேசினா இப்பல்லாம் என்னை அத்தைங்கா."

"எங்க பேரு?"

"உங்க பேரை நீங்கதான சொல்லணும்? நான் சொன்னா அதிகப்பிரசங்கித்தனம்லா?"

வீடு மூணு பேருக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கத்து மூணு பேரை அதற்குத் தெரியவே தெரியாது. கோகிலாவுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"அப்ப எம்புள்ளைய எடுத்துக்கறதுக்குத்தான் அது வருதா?"

"ஐயோ, வாயக் கழுவுங்கக்கா!" மாரிச்செல்வி இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினாள். ரேகை தெரியாமல் சுண்ணாம்பு அப்பியிருந்தது. "தெனம் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பக்கமிருந்து இழுத்துப் பாக்கேன். பிடிக்கதுக்கு ஒண்ணுமில்ல, வழுக்குது. எனக்கு இவ்வளவு எடம் வேண்டாம்க்கா. ராத்திரி எந்திரிச்சாப் பயமா இருக்கு, அவ்வளவு பெரிசு."

கோகிலா தன் கையைப் பார்த்தாள். அவள் கையிலும் சுண்ணாம்புதான்.

"புள்ளைய வரச் சொல்லு" என்றாள்.

அன்று பூபதி வந்ததும் அவள் சொன்னாள். நின்றுகொண்டு, அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கல்யாணமான இந்த மூணு வருசத்தில் அது முதல் தடவை. அவன் கையிலிருந்த டிபன் பாக்ஸைக் கீழே வைக்க மறந்துபோனான்.

"ரெண்டு பேருன்னு எழுதிப் போட்டிருக்கறனே கோகி."

"சாக்பீஸ்லதானுங்க எழுதியிருக்கறீங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே போய், பலகையை முந்தானையால் துடைத்துவிட்டு வந்து அவனுக்குச் சோறு போட்டாள்.

இசக்கி பிள்ளையைக் கூட்டிவர ஊருக்குப் போனான். பேச்சி வருகிற அன்றைக்கு, ரெண்டு வாசலுக்கும் நடுவே, சுவர் தெருவைத் தொடுகிற இடத்தில், ஒரே அடுப்பில் மறுபடி பால் காய்ச்சுவது, இந்தத் தடவை கோகிலா வாயால் ஆறு பேர் பேரையும் சொல்லி என்று முடிவாயிற்று. தெருவே அதைப் பற்றிப் பேசியது. ஒரு வீட்டுக்கு ரெண்டு தடவை பால் காய்ச்சலாமா என்று ருக்மணியக்கா நாலு பேரிடம் கேட்டுவிட்டு, ஐந்தாவதாகத் தானே, "காச்சுனா என்ன, பாலுதான, கெரகம்" என்று சொல்லி அரை லிட்டருக்குத் தன் பங்கும் தந்தாள். கொத்தனார் மூணு செங்கல்லை வைத்து அடுப்புக் கட்டினார், இந்த அடுப்பும் நடக்க ஆரம்பித்தால் தன் பொறுப்பில்லை என்றார். பூபதி கம்பெனிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து சுள்ளி ஒடித்தான். அவன் வீடு வரைந்த சீட்டுகள் எல்லாம் அந்த அடுப்பில் சுள்ளிக்குக் கீழே கிடந்ததைக் கோகிலா பார்த்தாள், கேட்கவில்லை.

இந்தக் காலையில், பேச்சி வருகிற பஸ் வந்து சேரும்வரை சுவரைப் பிடித்து வைப்பது அவள் வேலை. பிசிறு வெட்டிய பனியன் கட்டுகளைக் கம்பெனிக்கு எடுத்துப் போக வண்டி வேறு வரும். அதனால் அவள் முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்து பிசிறு வெட்டினாள், வெட்ட வெட்ட யோசனை ஓடியது. ஆறு பேர் பேரையும் சொன்னால் வீடு ஆறு பேரையும் ஒரே பக்கமாக எடுத்துக்கொண்டுவிட்டால்? பேச்சி சின்னவள், அவளுக்குக் கொஞ்சம் இடம் போதாதா? பேரைச் சொல்லும்போது, அத்தனை பேர் நிற்கிற தெருவில், தன் நாக்கு ஒட்டிக்கொண்டால்? பூனை தெற்கு வாசல்படியில் வந்து உட்கார்ந்து, இவளைப் பார்த்து, போய்விட்டது.

வெளியே ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. "வாடி என் தங்கம்" என்று மாரிச்செல்வி அழுகிற சத்தமும், ஒரு சின்னக் குரல் "இது யார் வீடு?" என்று கேட்கிற சத்தமும், தெருவே சிரிக்கிற சத்தமும் கேட்டன. கோகிலா எழுந்தாக வேண்டும். எழுந்தால் முதுகு விலகும், ஒரு முழம்தான் இருக்கிறது. அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. பூனை தூங்கிக்கொண்டிருக்கும்போது அதைச் சுவர் கொண்டுபோனது, அதனால் மறந்துபோயிற்று. முழித்துக்கொண்டு, அம்மா இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, வாசல் வழியாகப் போகிற பிள்ளை எதற்கு மறக்கப் போகிறது? சுவர் கொண்டுபோவதற்கு முன்னால் நானே கொண்டுபோகிறேன், அந்தப் பக்கமும் காட்டுகிறேன், இந்தப் பக்கமும் காட்டுகிறேன்.

அவள் மடியிலிருந்த பிசிறை உதறிவிட்டு, ஒரே எட்டில் தொட்டிலுக்குப் போய், பிள்ளையைத் தூக்கி எழுப்பினாள். தன்ஷிகா சிணுங்கி, கண்ணைத் திறந்து, அம்மாவின் மூக்கைப் பிடித்தாள்.

"கோகி!" பூபதி கத்தினான். "பால் ஏறுது!"

கோகிலா திரும்பினாள், சுவரைப் பார்த்தாள், யாரும் தொடாமல் ஒத்தையாக நின்றது. பார்த்துக்கொண்டிருந்தால் நடக்காத சுவர்தானே என்று பார்த்தபடியே வாசலை நோக்கிப் பின்பக்கமாக நடந்தாள். அப்போது தொட்டில் சேலையின் மேல் அத்தனை நாளாகத் துவண்டு கிடந்த நூல், காற்றே இல்லாத அந்த அறையில், அவள் கண்ணெதிரே, மெதுவாகச் சேலையை விட்டு எழும்பி, தொய்வு குறைந்து, சுவர் வடக்கே விலகுவது போல ஆணிப்பக்கமாக இழுபட,

"எக்கா, வாங்கக்கா, பொங்கிருச்சு, பேரைச் சொல்லுங்க!"

என்று மாரிச்செல்வி கூப்பிட, அந்த நூல் விறைக்கிறதா அறுகிறதா என்று பார்ப்பதற்குள் கோகிலா பிள்ளையை இறுக்கிக்கொண்டு வாசல்படியைத் தாண்டி, தெருவே கேட்கிற மாதிரி வாயைத் திறந்து, முதலில் தன் பேரைச் சொன்னாள்.